முதுகுப் பக்கம் வந்த தண்ணீர்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "எதைப் பத்தி வேணும்னாலும் பேசு, ஆனா இருபது நிமிஷம்தான்" என்றார். வேலை வாய்ப்பு, வெளிநாட்டுப் படிப்பு எல்லாம் எனக்கு முன்னால் பேசியவர் விளக்கமாகச் சொல்லிவிட்டார். ஆகவே நான் ஒரு நடைப் பயணத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். 2024 நவம்பர் 30, டிசம்பர் 1, சனி ஞாயிறு. பரங்கிப்பேட்டையிலிருந்து கடலூர் வரை கடலோரமாக நடப்பது என்று கிளம்பினோம். அந்தச் சனிக்கிழமை ராத்திரிதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஞாயிறு ராத்திரி வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய நாங்கள் புதன்கிழமைதான் சங்கராபுரம் வந்து சேர்ந்தோம்.

போனவர்கள் நாலு பேர். எல்லோரும் ஒரே ஹாஸ்டல் விங். ஒருவன் கடலூர்க்காரன். ஒருவன் பேங்க்கில் இருக்கிறான், அதனால் அவன் பெயரே பேங்க் ஆகிவிட்டது. ஒருவன் எங்கள் ஊர்ப் பக்கமே பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நான் பாலம் கட்டும் வேலையில் இருப்பவன். படிப்பு முடிந்ததிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை இப்படி எங்கேயாவது நடப்பது எங்கள் வழக்கம். நவம்பரில் வெயில் இருக்காது, பேங்க்குக்கும் லீவு கிடைக்கும்.

நம் பக்கத்துக்காரர்களுக்குக் கடல் தூரம். ரேடியோவில் "வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்" என்று சொன்னால், எங்கள் வீட்டில் அப்பா கேட்பது "நமக்கு மழை உண்டா, ஏரி ரொம்புமா?" என்ற ஒரே கேள்விதான். புயல் என்பது கடலோரத்துக்காரன் கவலை, நமக்கு அதில் கிடைப்பது மழை என்று ஒரு கணக்கு. நானும் அந்தக் கணக்கில் வளர்ந்தவன்தான்.

ஆனால் பரங்கிப்பேட்டையில் ஆரம்பிக்கலாம் என்று சொன்னது வாத்தியார். காரணம் கேட்டதற்கு, "நம்ம ஊர்த் தண்ணி கடல்ல சேர்ற இடம்டா அது" என்றான். உண்மைதான். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி, மணிமுக்தா இரண்டின் தண்ணீரும் கடைசியில் வெள்ளாற்றுக்குத்தான் போகிறது. மணிமுக்தா விருத்தாசலத்தில் கோயிலை ஒட்டி ஓடி, கூடலையாத்தூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. கூடலை என்ற பெயரே ஆறுகள் கூடுவதால் வந்தது. அங்கிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகப் பரங்கிப்பேட்டை. நேர்கோட்டில் பார்த்தால் நம் அணைக்கட்டுக்கும் அந்த முகத்துவாரத்துக்கும் சுமார் 90 கிலோமீட்டர்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பரங்கிப்பேட்டையில் இறங்கினோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிற ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். நம்மைப் போன்ற இன்ஜினியர்களுக்குத் தெரிய வேண்டிய இன்னொன்று உண்டு. 1830-களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் அங்கே இரும்பு ஆலை வைத்திருந்தார். தாது சேலம் பக்கத்திலிருந்து வந்தது. மலையிலிருந்து கடலுக்குப் போகும் வழி தண்ணீருக்கு மட்டும் இல்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முந்தின நாள், 28-ஆம் தேதி, வானிலை மையம் இது புயலாகாமல் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கரை கடக்கலாம் என்ற மாதிரி சொல்லியிருந்தது. 29 மதியம் புயலாகிவிட்டது, பெயரும் வைத்துவிட்டார்கள். சவுதி அரேபியா கொடுத்த பெயர். நாங்கள் போய்ப் பார்த்தபோது வெள்ளாற்று முகத்துவாரத்தில் ஃபைபர் போட்டுகளை ஆற்றுக்குள்ளே தள்ளிக் கொண்டுவந்து வரிசையாகக் கட்டியிருந்தார்கள். கடற்கரைக்கு யாரும் போகக் கூடாது என்று மைக் கட்டிய ஆட்டோ சொல்லிக்கொண்டு போனது.

அன்று ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து முடிவு செய்தோம். கடலூர்க்காரன் ஒரே வார்த்தையில் சொன்னான்: "மணல்ல ஒருத்தனும் காலை வைக்கக் கூடாது. சவுக்குத் தோப்புக்கு இந்தப் பக்கம் ஊர்ச் சாலை இருக்கு. அதுல போறோம். சாமியார்பேட்டைப் பக்கம் எங்க அத்தை வீடு. மதியத்துக்குள்ள அங்க போய் உக்காந்துடறோம்." அப்படியே செய்தோம். சனிக்கிழமை நடந்தது பத்து கிலோமீட்டர்கூட இருக்காது.

நடையில் நான் எதிர்பார்த்தது கடல் பக்கமிருந்து முகத்தில் அறையும் காற்று. வந்ததோ எதிர்ப்பக்கமிருந்து. வயல் பக்கமிருந்து, வடமேற்கிலிருந்து, இடது கன்னத்திலும் இடது தோளிலும் அடித்தது. சவுக்குக் கன்றுகள் கடலைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. தோப்பு இடைவெளியில் தெரிந்த அலைகளின் நுனியைக் காற்று பிடித்துக் கடல் பக்கமே திருப்பி வீசியது. கடல் பயங்கரமாகத்தான் இருந்தது, ஆனால் காற்று அதை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

இங்கே மாணவர்களுக்காக ஒரு சின்னப் பாடம். 1857-ல் பைஸ் பாலட் என்ற டச்சு விஞ்ஞானி சொன்ன விதி. பூமியின் வடபாதியில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இடது கையை நீட்டினால், தாழ்வு மையம் இருக்கும் திசையைக் கை காட்டும். நாலு பேரும் மழையில் கோட்டு போட்டுக்கொண்டு ரோட்டில் நின்று கையை நீட்டினோம். வடகிழக்கு காட்டியது. சாயங்காலம் அத்தை வீட்டு வாசலில் திரும்ப நீட்டினோம். காற்று நேர் மேற்காகியிருந்தது, கை நேர் வடக்கே காட்டியது. புயல் அப்போது புதுச்சேரியை நெருங்கிக்கொண்டிருந்தது. எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு புயலைக் கையால் தொட்ட மாதிரி இருந்தது.

வழியில் வலைகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நாங்கள் கையை நீட்டி நிற்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னா தம்பி, பஸ்ஸுக்கு நிக்கிறீங்களா?"

விதியைச் சொன்னோம். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"காத்து கச்சானா திரும்புதே, தெரியலயா? கண்ணு நமக்கு வடக்க போவுதுன்னு அர்த்தம். கடல் ஏறுனா மரக்காணத்துப் பக்கம்தான் ஏறும். இங்க ஏறாது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆனா இது நடக்க மாட்டேங்குது பாருங்க. நடக்காத புயல் தண்ணிய எறக்கி வச்சுட்டுத்தான் போவும்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அன்றைக்கு அவ்வளவாகக் கவனிக்கவில்லை. கடல் ஏறாது என்று அவர் சொன்னது காதில் விழுந்ததும் மனசு இறங்கிவிட்டது.

அத்தை வீடு சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த குடியிருப்பில். கரண்ட் மதியமே போய்விட்டது. கருவாட்டுக் குழம்பும் சோறும் போட்டார்கள். பேச்சு இயல்பாக 2004 டிசம்பர் 26-க்கும், 2011 டிசம்பர் 30 விடியற்காலை வந்த தானே புயலுக்கும் போனது. தானேயில் கடலூர், பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு விழுந்ததை நீங்கள் அறிவீர்கள். அத்தை சொன்னார்: "தானே ஒரு ராத்திரிதான். அடிச்சிட்டுப் போயிட்டான். இவன் அடிக்கல, உக்காந்துட்டான்." இரண்டு புயலுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாக நான் எந்த அறிக்கையிலும் படிக்கவில்லை. தானேயின் சேதம் காற்றால். ஃபெஞ்சலில் காற்று மணிக்கு 70, 80 கிலோமீட்டர், வீச்சில் 90. புயல் கணக்கில் அது பெரிதல்ல. ஆனால் கரை ஏறிய பிறகு அது புதுச்சேரிப் பக்கத்திலேயே மணிக்கணக்கில் நகராமல் நின்றது. ஞாயிறு காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல், மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு கோடி லிட்டர். 50 சென்டிமீட்டருக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடவில்லை. கொஞ்சம் நடந்தும் கொஞ்சம் பால் வேனில் தொற்றிக்கொண்டும் கடலூர் போனோம். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மழை, மழை, மழை. செல்போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்த பேங்க், அதை எடுத்துப் பேசவே முடியவில்லை என்று வழி நெடுகப் புலம்பினான். இருட்டும் நேரத்தில் கடலூர்க்காரன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். தென்பெண்ணை கடலில் சேரும் பக்கம், உப்பலவாடிப் பகுதியில், அம்மா தனியாக இருக்கும் ஓட்டு வீடு. கொல்லையில் ஒரு பசு, ஒரு கன்று.

அம்மா எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "கடல் ஏறிச்சா தம்பி?" ஏறவில்லை என்றோம். "அப்பாடா" என்று அடுப்பைப் பற்ற வைத்தார்கள். புயலும் வலுவிழந்துவிட்டது என்று செய்தி. நிம்மதியாகத் தூங்கினோம்.

நாங்கள் தூங்கிய அதே நேரத்தில் மேற்கே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. வலுவிழந்த புயல் தரை மேல் மெதுவாக மேற்கே நகர்ந்து, கடலிலிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. திருவண்ணாமலையில் அந்த ஞாயிற்றுக்கிழமை மலைச்சரிவில் மண் இறங்கி ஏழு பேர் இறந்தார்கள். ஊத்தங்கரைப் பக்கத்துத் தண்ணீர் எல்லாம் தென்பெண்ணைக்கு வருவது. தென்பெண்ணையில் இருப்பது சாத்தனூர் அணை.

அணையின் கணக்கைப் பார்ப்போம். 1958-ல் கட்டி முடித்தது. 119 அடி. கொள்ளளவு 7.3 டி.எம்.சி. அன்றைக்கு அணை ஏறத்தாழ நிரம்பியே இருந்தது. திங்கள் விடிவதற்குள் திறந்துவிட்ட தண்ணீர் விநாடிக்கு 1,68,000 கன அடி. ஒரு நாள் முழுக்க அதே அளவு ஓடினால் 14.5 டி.எம்.சி. அதாவது, அணை காலியாக இருந்திருந்தாலும் அந்த வேகத்தில் பன்னிரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும். இதை லிட்டரில் சொன்னால் விநாடிக்குச் சுமார் 47 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி பார்த்திருப்பீர்கள். ஒரு விநாடிக்கு அப்படி 400 லாரி.

படிப்படியாக எச்சரிக்கை கொடுத்துத்தான் திறந்தோம் என்றது அரசு. எச்சரிக்கை போதாது என்றார்கள் எதிர்க்கட்சிகள். அந்த வழக்கை நான் இந்த மேடையில் விசாரிக்க வரவில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை மழை விட்டிருந்தது. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் டி.வி.யில் "சாத்தனூரிலிருந்து ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் கன அடி" என்று எழுத்து ஓடியது. தெருவே நின்று பார்த்தது. அம்மா என்னைக் கேட்டார்கள்: "நீ இன்ஜினியர்தானே? லட்சம் கன அடின்னா நம்ம வீட்டுக்கு எதுவரைக்கும் வரும்?"

எனக்கு டி.எம்.சி. கணக்குத் தெரியும். பாலத்துக்கு அடியில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று தெரியும். அந்த வீட்டு வாசல் படிக்கு எதுவரை வரும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தத் தெருவில் யாரிடமும் இல்லை. ஒருவர் "திண்ணை வரைக்கும்" என்றார், இன்னொருவர் "இங்கெல்லாம் வராது, அப்பா காலத்துலயே வரல" என்றார்.

தண்ணீர் முதலில் வடிகால் வழியாகத் தெருவுக்கு வந்தது. கணுக்கால். கடலூர்க்காரன் குனிந்து விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். "உப்பு இல்ல. ஆறு" என்றான். அதற்குள் முழங்கால். செம்மண் நிறம், சுழித்துக்கொண்டு, குப்பை கூளத்தோடு. கடல் கொந்தளித்துக் கிடக்கும்போது முகத்துவாரம் ஆற்றை உடனே வாங்கிக்கொள்ளாது. பின்னால் வருகிற தண்ணீர் பக்கவாட்டில் படர்வதைத் தவிர வேறு வழி இல்லை.

அம்மா ரேஷன் கார்டு, பட்டா, அப்பாவின் போட்டோ மூன்றையும் ஒரு கவரில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்கள். வாத்தியார் டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கினான். வாங்கம்மா என்றால் வரவில்லை. "மாடு?" என்றார்கள். கன்றைக் கடலூர்க்காரன் தோளில் போட்டுக்கொண்டான். பசு கொல்லையிலேயே நின்றது. தண்ணீரின் சத்தத்துக்கு மிரண்டு காலை ஊன்றிவிட்டது. நானும் பேங்க்கும் இழுத்துப் பார்த்தோம். அசையவில்லை. கடைசியில் அம்மாதான் திரும்பி வந்தார்கள், தொடை அளவுத் தண்ணீரில். கழுத்தைத் தடவிக் காதோரம் என்னவோ சொன்னார்கள். மாடு நடந்தது. அரை கிலோமீட்டர் தூரம் இருக்கும் மேட்டு ரோட்டுக்கு, அம்மா முன்னால், மாடு பின்னால், வாலைப் பிடித்தபடி பேங்க். அவன் வாழ்க்கையில் மாட்டைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

ரோட்டில் நூற்றுக்கணக்கான பேர். "கடல் வரும் கடல் வரும்னு கிழக்கயே பாத்துக்கிட்டு இருந்தோம். ஆறு பின்னால வந்து நிக்குதே" என்று அம்மா யாரிடம் என்று இல்லாமல் சொன்னார்கள். ராத்திரி பள்ளிக்கூட முகாமில் தங்கினோம். வீட்டுக்குள் தண்ணீர் ஜன்னல் விளிம்பு வரை வந்து நின்றதைச் சுவரில் படிந்த சேறு மறுநாள் காட்டியது. அம்மாவுக்கு, மாட்டுக்கு, எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நெல் மூட்டை இரண்டு போயிற்று.

அன்றைக்கு விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்கள் நின்றன. அரசூர் பக்கம் திருச்சி நெடுஞ்சாலையில் தண்ணீர் ஓடியது. டிசம்பர் 3-ஆம் தேதி விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் குடும்பத்துக்கு 2,000 ரூபாய் நிவாரணம் என்று முதலமைச்சர் அறிவித்தார். கவனியுங்கள், கள்ளக்குறிச்சி. ஒரு அடி கடற்கரைகூட இல்லாத நம் மாவட்டம் புயல் நிவாரணப் பட்டியலில் இருந்தது. மழை நமக்கு உண்டா என்று கேட்ட அப்பாவுக்கு இதுதான் பதில்.

புதன்கிழமை நெய்வேலி, விருத்தாசலம் வழியாகத் திரும்பினோம். விருத்தாசலத்தில் மணிமுக்தாவைப் பார்க்க இறங்கினோம். நம் மலை மண்ணின் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தோரம் டீக்கடையில் வாத்தியார் கேட்டான், "அதிகபட்சம் எதுவரைக்கும் வந்திருக்கு?" கடைக்காரர் வெளியே வந்து ஒரு கரண்ட் கம்பத்தைக் காட்டினார். இடுப்புக்கு மேலே கையை வைத்து, "இந்தத் தடவை இல்ல, முன்ன ஒரு தடவை" என்றார். எந்த வருஷம் என்று அவருக்கு நினைவில்லை. அப்போது அணையில் எவ்வளவு திறந்தார்கள் என்பது எங்காவது ஒரு ரிஜிஸ்தரில் இருக்கும். கம்பம் விருத்தாசலத்தில், ரிஜிஸ்தர் அணையில். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

நான் கேட்டுக்கொள்வது இதைத்தான். மணிமுக்தா அணை 36 அடி, கோமுகி 46 அடி. சாத்தனூரோடு ஒப்பிட்டால் சின்னவை. ஆனால் ஊத்தங்கரையில் பெய்தது ஒருநாள் கல்வராயன் மேல் பெய்யக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அணையிலிருந்து பரங்கிப்பேட்டை வரை கரையோரமாக ஊர் ஊராக நடப்போம். கிழவர் கிழவிகளைக் கேட்போம். தண்ணீர் வந்த மட்டத்தைக் கோயில் சுவரிலும் பள்ளிக்கூடத் தூணிலும் அடையாளம் செய்து, லெவல் வைத்து அளந்து, எத்தனை ஆயிரம் கன அடி திறந்தபோது அது என்று நீர்வளத் துறைப் பதிவோடு பொருத்துவோம். அனுமதி வாங்கிய இடங்களில் பெயிண்டில் கோடு போட்டு எழுதுவோம். "இத்தனை கன அடி என்றால் இதுவரை." டி.வி.யில் எழுத்து ஓடும்போது அடுத்த அம்மா யாரையும் கேட்க வேண்டியிருக்காது. வாசலுக்கு வந்து தூணைப் பார்த்தால் போதும்.

சிவில் துறையில் ஆட்டோ லெவல் ஒன்று தருவதாகத் துறைத் தலைவர் சொல்லியிருக்கிறார். ஸ்டாஃப் பிடிக்க, நோட்டு எழுத, பெரியவர்களிடம் பொறுமையாகப் பேச மாணவர்கள் வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டமான வேலை. வார இறுதிகளில் பிரித்துப் பிரித்து நடக்கலாம். முதல் நடை பொங்கல் கழிந்து இரண்டாவது சனிக்கிழமை, காலை ஆறு மணிக்கு அணை வாசலிலிருந்து. வாத்தியார் வெளியே வேப்ப மரத்தடியில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறான். பெயரும் போன் நம்பரும் கொடுங்கள். செருப்பில் வர வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள். மாட்டு வால் பிடிக்கத் தெரிந்தவர் எங்களிடம் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.